கச்சான் காலத்துக் களைப்பும் அதற்கேற்ற நாளொழுங்கும்

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் பலரும் ஒரே முறைப்பாட்டைச் சொல்வார்கள்: எழும்பும்போதே களைப்பாக இருக்கிறது, எந்த வேலையிலும் மனம் செல்லவில்லை. பழியை வெக்கையின் மீது போடுவதில் ஓரளவு நியாயம் உண்டு. மலைநாட்டைத் தாண்டி வரும்போது ஈரத்தை இழந்துவிடும் அந்தக் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை. ஆனாலும் களைப்பின் பெரும்பகுதி நாம் தூங்கும், எழும்பும், உண்ணும் ஒழுங்கிலிருந்தே வருகிறது, மாற்றக்கூடியதும் அதுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன், களைப்புக்கு நோய் காரணமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குருதிச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, பலத்த குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம் ஆகியவை நடையாலும் கீரையாலும் மட்டும் தீர்வன அல்ல. சோர்வு சில வாரங்களாக நீடித்தால் வைத்தியரைக் கண்டு குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் விருப்பமின்றித் துயரம் அழுத்தினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

நாளொழுங்கில் முதலில் நிலைப்படுத்த வேண்டியது படுக்கும் நேரத்தை அல்ல, எழும்பும் நேரத்தை. தூக்கத்தை வற்புறுத்தி வரவழைக்க முடியாது. குறித்த நேரத்தில் எழும்புவது மட்டும் நம் கையில் உள்ளது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடலின் உள்மணிக்கூடு அன்றைய நாளைக் கணக்கிடத் தொடங்குகிறது. அன்றிரவு எப்போது தூக்கம் வரும் என்பதும் அதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. நமது ஊரில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே சூரியன் உதிப்பதால், இது வேறு பல நாட்டவருக்கு இல்லாத வசதி. எழும்பியதும் தொலைபேசியைத் தொடாமல் முற்றத்திலோ கடற்கரையிலோ கால் மணி நேரம் நில்லுங்கள்.

அதே வேளையை நடைக்கும் பயன்படுத்தலாம். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் அது நிறைவேறிவிடும். மான்கள் உலவும் பிரட்றிக் கோட்டை வழியாகக் கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் பாதை மூச்சுச் சற்று வாங்கும் அளவுக்குச் சரிவானது என்பதால், சமதரையில் நடப்பதைவிட நல்லது என்பேன். எட்டு மணிக்குப் பிறகு வெயிலில் நடப்பது களைப்பைக் கூட்டவே செய்யும்.

தேநீரைப் பற்றிச் சொன்னால் கோபிப்பவர்கள் உண்டு. தேநீர் தீங்கானதல்ல, நேரந்தான் பிழை. குடித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழிந்தும் கஃபீனின் பாதி உடலில் எஞ்சியிருப்பதால், மாலை ஆறு மணித் தேநீர் இரவு பதினொரு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே கடைசிக் கோப்பையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தேநீர் தடுக்கிறது. எனவே சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவதோடு, முருங்கைக்கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்துகொள்வது பயன் தரும்.

காலையில் பணிசும் சீனித் தேநீரும் மட்டும் எடுத்தால் பத்து மணிக்குள் பசியும் சோர்வும் சேர்ந்து வரும். அவித்த கௌபியோ, குரக்கன் பிட்டோடு சூடை மீன் குழம்போ நெடுநேரம் தாங்கும். மதியத்தில் சோற்றைக் குறைத்துக் கறிகளைக் கூட்டுங்கள். கண் சொருகினால் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் மட்டும் படுக்கலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிப்பதும் கச்சான் நாட்களில் அவசியம்.

இனி, மனம் வராமை. மனம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று இருப்பவருக்கு அது எளிதில் வருவதில்லை. பெரும்பாலும் செயல் முந்த, ஆர்வம் பின்தொடர்கிறது. மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சை முறைகளில் ஒன்று இந்த அடிப்படையிலேயே அமைந்துள்ளது. ஆதலால் வேலையைச் சிரிப்பு வருமளவுக்குச் சிறிதாக்குங்கள்: படிப்பவர் ஒரு பக்கம் மட்டும், கணக்கெழுதுபவர் ஒரு பற்றுச்சீட்டு மட்டும். தொடங்கிய பின் நிறுத்திவிடவும் அனுமதி உண்டு, ஆனால் பலரும் நிறுத்துவதில்லை.

இரவில் மின்வெட்டோ புழுக்கமோ தூக்கத்தைக் கெடுத்தாலும் மறுநாள் வழக்கமான நேரத்திலேயே எழும்பி, அன்றிரவு அரை மணி நேரம் முன்னதாகப் படுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி ஈடுகட்டினால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை மீண்டும் களைப்போடு தொடங்கும்.