கும்பகோணத்தில் எங்கே சாப்பிடுவது? வெளியூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் கோயில் நேரங்களை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். கும்பேசுவரர் கோயில் நடை எப்போது சாத்துவார்கள், சாரங்கபாணி கோயில் மாலையில் எத்தனை மணிக்குத் திறக்கும், திருநாகேசுவரத்தில் பாலபிஷேகம் எந்நேரம் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். சாப்பாட்டுக்கு வரும்போது மட்டும் "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்று ஒரே கேள்வி. முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே, கால்நடையாகவே சுற்றி வந்துவிடக்கூடிய கடைத்தெரு இது. விடியற்காலை தொடங்கி இரவு வரை எல்லா அயிட்டத்தையும் ஒரே தரத்தில் கொடுக்கும் ஓட்டல் இந்த அளவு ஊரில் அமைவது கடினம். காலை இட்லிக்குக் கூட்டம் அலைமோதும் கடையில் மதியச் சாப்பாடு சுமாராக இருக்கும். மதியம் பேர் வாங்கிய மெஸ் மாலையில் கதவைச் சாத்திவிடும். பகலெல்லாம் ஈ ஓட்டும் கடை ஒன்று இரவு ஏழு மணிக்குப் பரோட்டாக் கல்லைப் பற்றவைத்ததும் விழித்துக்கொள்ளும். ஆகவே உள்ளூர்க்காரரிடம் "மத்தியானம் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம்?", "இந்நேரத்துக்கு டிபன் எங்கே சூடாகக் கிடைக்கும்?" என்று வேளையைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக வரும்.

யாரைக் கேட்பது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். நவக்கிரகச் சுற்றுலா வேன்காரர் கொண்டுபோய் இறக்கும் இடம், பெரும்பாலும் வேன் நிறுத்த வசதியுள்ள இடமாகவும் டிரைவருக்குச் சாப்பாடு இலவசமாகக் கிடைக்கும் இடமாகவும் இருக்கும். அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை; அவரும் சாப்பிட்டாக வேண்டும். ஆனால் அது உங்களுக்காகச் செய்த தேர்வு அல்ல. லாட்ஜ் வரவேற்பறையில் கேட்டால் கீழே இருக்கும் ஓட்டலைத்தான் காட்டுவார்கள். பாத்திரக் கடையில் வேலை செய்பவரைக் கேளுங்கள். பட்டுக் கடையில் மதியம் பார்சல் வாங்கப் போகும் பையனைக் கேளுங்கள். தினமும் தங்கள் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஆட்டோக்காரரைக் கேட்பதானால், "உங்கள் வீட்டுக்குப் பார்சல் வாங்கினால் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள்.

நடை சாத்தும் நேரத்தில் சாப்பிடப் போகாதீர்கள்

ஊரில் பெரும்பாலான கோயில்கள் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில் திறக்கின்றன. நடை சாத்தியதும் அத்தனை கோயில் கூட்டமும் ஒரே நேரத்தில் கை கழுவ நிற்கும். பன்னிரண்டே முக்காலுக்கு நீங்கள் போய்ச் சேரும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று, அடுத்தவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பதினொன்றரை, பதினொன்றே முக்காலுக்கு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுபவர் கெட்டிக்காரர். பொரியல் சூடாக இருக்கும், சாம்பாரில் காய்த் துண்டுகள் தெரியும், ரசம் தெளிந்திருக்கும். இரண்டு மணிக்கு மேல் அதே கடையில் ரசத்தில் தண்ணீர் ஏறியிருக்கும். கூட்டு தீர்ந்து, அவசரமாக நறுக்கிய முட்டைகோஸ் அந்த இடத்துக்கு வந்திருக்கும். இரண்டு நேரத்திலும் கல்லாவில் கொடுக்கும் பணம் ஒன்றுதான்.

கிழமையையும் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை ஆலங்குடி குரு கோயிலுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி மதியத்துக்குக் கும்பகோணத்தில் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு வரை. ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராகு தலமான திருநாகேசுவரத்தில் அந்நேரத்துப் பாலபிஷேகம் பார்த்துவிட்டு ஆறரைக்குள் ஒரு பெருங்கூட்டம் காப்பிக்கும் டிபனுக்கும் ஊருக்குள் நுழையும். (பக்கத்திலேயே இருக்கும் உப்பிலியப்பன் கோயிலில் பிரசாதத்துக்கு உப்பே சேர்ப்பதில்லை, அங்கிருந்து வருகிறவர்களுக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் ஏங்கியிருக்கும்.) அன்று ஐந்தரைக்கே டிபனை முடித்துவிடுங்கள். கடை ஊழியர்களின் கூட்டத்தை நம்பி நடக்கும் சிறு மெஸ்களில் சில, ஞாயிறன்று திறப்பதே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள்களில் லாட்ஜ்கள் நிரம்பிவிடும். விடியற்காலைக் காப்பிக்கே வரிசை நிற்கும். 2028 மகாமகத்துக்கு வரத் திட்டமிடுபவர்களுக்கு இந்தக் கட்டுரையால் எந்தப் பயனும் இல்லை. அப்போது கிடைத்ததைச் சாப்பிட வேண்டியதுதான்.

போர்டைப் பார்த்துக் காப்பி குடிப்பது

'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற போர்டு சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் முளைக்காத இடமில்லை. பித்தளை டவரா டம்ளர் இருந்தாலே அது கும்பகோணம் காப்பி என்று ஆகிவிட்டது. இந்தப் புகழ் ஊருக்குள்ளும் திரும்பி வந்திருக்கிறது. இங்கேயும் போர்டை நம்பித்தான் பலர் நுழைகிறார்கள். போர்டை விட்டுவிட்டுக் காப்பி போடுகிறவரின் மேடையைப் பாருங்கள். பால் அகன்ற பாத்திரத்தில் காய்கிறதா, அதன் ஓரத்தில் பல மணி நேரம் காய்ந்த பாலின் பழுப்புப் படலம் கெட்டியாக ஒட்டியிருக்கிறதா? டிகாஷன் ஃபில்டரிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் தனியாக இருக்கிறதா, அல்லது முன்கூட்டியே பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கலந்து வைத்திருக்கிறார்களா? கூட்டம் மிகும்போது சில கடைகளில் கலந்தே வைத்துவிடுவார்கள். ஓர் எளிய வழி: "சர்க்கரை தனியாக" என்று சொல்லுங்கள். கலந்து வைத்த காப்பியை உங்களுக்குத் தர முடியாது. புதிதாகத்தான் போட்டாக வேண்டும். டம்ளர் வந்ததும் ஆற்றாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். டிகாஷனின் கசப்பு முதலில் தெரிந்து, பாலின் இனிப்பு பின்னால் வந்தால் சர்க்கரையைப் பாதி போட்டாலே போதும்.

கும்பேசுவரர் கோயிலை ஒட்டியிருக்கும் மங்களாம்பிகா விலாஸ், காப்பிக்கும் டிபனுக்கும் பேர்போன பழைய ஓட்டல். அந்த மாதிரி இடத்தில் போய் "ஏசி இல்லையா, மெனு கார்டு இல்லையா" என்று கேட்பது மனிதர்கள் செய்யும் இன்னொரு தவறு. சர்வர் வாயால் ஒப்பிப்பதுதான் அங்கெல்லாம் மெனு. அவர் முதலில் சொல்லும் இரண்டு பெயர்கள் அடுப்பில் இருப்பவை. வேகம் குறைந்து இழுத்துச் சொல்பவை காலையிலிருந்து மிஞ்சியவை. இது எழுதப்படாத விதி, பெரும்பாலும் தப்பாது.

ரவா தோசைப் பிடிவாதமும் வேண்டாம். மாவு நீர்த்திருப்பதால் கல்லில் நிதானமாக முறுக வேண்டியது அது. கூட்ட நேரத்தில் ஒரு ரவா தோசை கல்லில் கிடக்கும் நேரத்துக்குள் இரண்டு மூன்று சாதா தோசைகள் சுட்டு எடுத்துவிடலாம். "இப்போது ரவா இல்லை" என்று சர்வர் சொன்னால் அது நேர்மை. கெஞ்சிக் கேட்டு வாங்கினால் வெள்ளையாக, நடுவில் ஈரமாக ஒன்று வரும். நாலரை மணிக்கு, கல் ஓய்ந்திருக்கும்போது கேளுங்கள்.

கடப்பாவைத் தேடி வருகிறவர்களுக்கும் இதே யோசனைதான். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பூண்டு அரைத்துவிட்டுச் செய்யும் இந்தப் பக்கத்துத் தொட்டுக்கொள்ளும் பண்டம் அது; இட்லிக்கும் தோசைக்கும் வெகு பொருத்தம். ஆனால் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போடுவதில்லை. உட்கார்ந்து இட்லியும் வந்த பிறகு "கடப்பா இல்லையா?" என்று ஏமாறுவதைவிட, வாசலில் கல்லாவில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போகலாம். பொங்கலும் அப்படியே. ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும் பொங்கல், ஏழு மணிப் பொங்கலின் இறுகிய மிச்சம்.

நட்சத்திரங்களும் நீளமான மெனுவும்

செல்போனில் நட்சத்திரம் எண்ணிக் கடை தேர்ந்தெடுப்பது பெரிய ஊர்களில் ஓரளவு கைகொடுக்கும். கோயில் ஊரில் நட்சத்திரம் போடுகிறவர்களில் கணிசமானவர்கள் ஒரு தடவை வந்துபோகும் பயணிகள். கார் நிறுத்த இடம், சுத்தமான கழிவறை, ஏசி இவற்றுக்குத்தான் அவர்கள் மதிப்பெண் தருகிறார்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருகிறவர்களுக்கு அதுவும் தேவையான தகவல்தான். சாம்பார் எப்படி என்பதை மட்டும் அது சொல்லாது. புதிய கருத்துகள் முதலில் வரும்படி மாற்றிவிட்டு, நீங்கள் சாப்பிட நினைக்கும் அயிட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பயனர்கள் போட்டிருக்கும் பில் படங்களையும் பாருங்கள்: விலை, வரி, ஜனங்கள் அங்கே உண்மையில் என்ன வாங்குகிறார்கள் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

முப்பது பேர் உட்காரும் கடையில் தந்தூரி, சைனீஸ், செட்டிநாடு, சாட் என்று சுவர் முழுக்க எழுதியிருந்தால், பல அயிட்டங்கள் ஃபிரீசரில் காத்துக் கிடக்கின்றன என்று பொருள். குழந்தைக்காக ஃபிரைடு ரைஸ் இருக்கும் கடையைத் தேடிப் போய்க் குடும்பம் முழுவதும் மோசமாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை கடைசியில் நெய் தோசைதான் கேட்கும்.

அசைவத்துக்குக் கோயில் வீதிகளில் அலையாமல் சற்று வெளியே போக வேண்டியிருக்கும். இங்கேயும் நேரம்தான் பேச்சு. பிரியாணி மதியத்துக்கு உரியது; தம் உடைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். இரவு ஒன்பதரைக்குப் பரோட்டாக் கடையில் பிரியாணி கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. புரட்டாசியில் பாதி ஊர் அசைவம் தொடாது; விற்பனை மெதுவாக நடக்கும் கடையில் கறி எத்தனை நேரமாக இருக்கிறதோ? அந்த மாதத்தில் கூட்டம் உள்ள கடைக்கு மட்டும் போங்கள், இல்லையென்றால் நீங்களும் புரட்டாசி விரதம் இருந்துவிடுங்கள்.

உட்காருவதற்கு முன் ஒரு பார்வை

மங்கிய சுவரும் பழைய மரமேசையும் அழுக்கின் அடையாளம் ஆகா. புது டைல்ஸும் மின்னும் விளக்கும் சுத்தத்தின் சான்றும் ஆகா. கை கழுவும் இடத்துக்குப் போங்கள். தொட்டியில் முந்தைய பந்தியின் சோற்றுப் பருக்கை அடைத்துக் கிடக்கிறதா? மேசை துடைக்கும் துணியாலேயே தண்ணீர் டம்ளரையும் துடைக்கிறார்களா? தேங்காய்ச் சட்னி வந்ததும் இட்லியைப் பிட்பதற்கு முன் விரலால் தொட்டுச் சுவைத்துப் பாருங்கள். ஓட்டலில் முதலில் கெடுவது அதுதான். வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் லேசான புளிப்பு ஏறியிருந்தால் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாழை விளையும் மண்ணில் இருந்துகொண்டு சில இடங்களில் பிளாஸ்டிக் பூசிய இலைத் தாளில் கொதிக்கும் சாம்பாரை ஊற்றுகிறார்கள். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதைப் பார்த்தால் எழுந்துவிடலாம். அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பில்லில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து விதி. சாதாரண ஓட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரிதான். ஏசி அறையில் சாப்பாட்டின் விலையே கூடுதலாக இருப்பது வேறு கதை, அதை உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷன் முறையில் பதிவு செய்துள்ள சிறு ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வசூலிக்கவே கூடாது. அந்தச் சொல் பில்லில் அச்சாகியிருந்து, கீழே வரியும் சேர்ந்திருந்தால் கல்லாவில் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள்.

பத்துப் பதினைந்து பேராக வருகிறவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் சிறிய ஓட்டலில் நுழைந்து, மேசைகளைச் சேர்த்துப் போடச் சொல்லித் தகராறு செய்வதும் அடிக்கடி நடக்கிறது. காலையிலேயே நேரில் போய் "பன்னிரண்டுக்குப் பதினான்கு சாப்பாடு" என்று சொல்லி, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டால் அரிசி கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். அப்போதும் நாலைந்து பேராகப் பிரிந்து உட்காருங்கள். பெரியவர்கள் இருந்தால் ஏசி ஹால் மாடியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது மாடியில்தான். படியும் செங்குத்தாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடிப் பெட்டியில் குளிர்ந்துகொண்டிருக்கும் இனிப்புப் பீடாவை வாங்காதீர்கள். 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை இந்த ஊருடையது. பெட்டிக்கடையில் கொழுந்தாக நாலு கேளுங்கள். சுண்ணாம்பு மட்டும் குறைவாக.