மானாமதுரை – ராமேஸ்வரம் ரயில் பாதையில் ஆள் பற்றாக்குறையைப் பாதுகாப்பு மனுவாக எழுதும் முறை

"பாதை பராமரிக்கும் கேங்கில் ஆள் இல்லை, காலியிடங்களை உடனே நிரப்புக" என்று போகும் மனுவுக்குப் பதில் முன்கூட்டியே தயாராக இருக்கும்: "தேர்வு வாரியத்துக்குத் தேவைப் பட்டியல் அனுப்பப்பட்டுள்ளது." அத்தோடு கோப்பு மூடிவிடும். காலியிடம் என்றால் அது பணியாளர் பிரிவின் தலைவலி, லைனைப் பார்க்கும் அதிகாரிக்கு அதில் வேலை இல்லை. அதே குறையை, "இந்தத் தேதியில் இந்தக் கிலோமீட்டரில் இந்த வேலை நடக்கவில்லை, விதிப்படி நடந்திருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் கதை மாறும். அந்தக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்திட்டவர் எதையாவது செய்தாக வேண்டும். நாளைக்கு ஏதாவது நடந்தால் விசாரணையில் முதலில் எடுக்கும் காகிதம் அதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

பரமக்குடியில் தொடங்கி உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வரை வேலை பார்க்கும் டிராக்மேன், கீமேன் (தினமும் நடந்து பாதையைச் சரிபார்ப்பவர்), கேட் கீப்பர்களுக்கும் கிளைச் செயலாளர்களுக்குமான குறிப்பு இது.

மூன்று எண்கள்

முதலில் ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் மூன்று எண்கள் எழுத வேண்டும்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) உள்ள பெயர்கள், அன்றைக்கு உண்மையில் லைனில் நின்ற கைகள். பெரும்பாலான மனுக்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கேங்கில் பணியிடம் 18, மஸ்டரில் 13 என்று வையுங்கள். காகிதத்தில் காலி 5. அந்த 13-இல் லீவு 1, சிக் 1, கேட்டுக்குப் போனவர் 2, இரவு ரோந்து முடித்து ரெஸ்டில் 2, ஸ்டோரில் 1, பயிற்சிக்குப் போனவர் 1. மீதி 5. அதில் கேங்கை நடத்தும் மேட் ஒருவர், பீட் (கேங்குக்கு ஒதுக்கிய பாதைப் பகுதி) நடக்கும் கீமேன் ஒருவர். சுத்தியலும், ஜல்லி இடிக்கும் பீட்டரும் பிடிக்க மிச்சம் 3 பேர். "ஐந்து காலியிடம்" என்பதும் "மூன்று பேர்தான் நின்றோம்" என்பதும் ஒரே கேங்கின் கணக்கு, ஆனால் படிப்பவர் காதில் வேறு வேறாக விழும்.

குறைந்தது 60 நாள் எழுதுங்கள். ஒரு வாரக் கணக்கைக் கொடுத்தால் "அது திருவிழா வாரம், லீவு அதிகம்" என்று தள்ளிவிடுவார்கள். அன்றாடம் மாலையே எழுதி, மேட் உட்பட இருவர் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிரப்பிய நோட்டு பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் எந்த வேலைக்குப் போனார் என்பதும் போதும். சிக் போட்டவர் பெயரை எழுதினால் பேச்சு ஆள் பற்றாக்குறையை விட்டு அந்த ஆள்மேல் திரும்பிவிடும்.

கைகளை வேலையாக மாற்றுவது

கடற்கரைப் பாதைக்கு இந்தப் பகுதி மிக முக்கியம், நிதானமாகச் செய்யுங்கள். ஒரு கிலோமீட்டரில் 1660 ஸ்லீப்பர் என்றால், தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பூட்டும் கிளிப், ஸ்லீப்பருக்கு 4 வீதம் 6640. ஆறு கிலோமீட்டர் பீட் உள்ள கேங்குக்கு 39,840. மண்டபத்துக்குக் கிழக்கே இரண்டு பக்கமும் உப்புக் காற்று. கிளிப்பின் கால், ஸ்லீப்பரில் பதித்த இரும்பு இன்சர்ட்டின் கண்ணுக்குள் துருப்பிடித்து ஊதி இறுகிவிடும். சுத்தியலால் அடித்தால் கிளிப் அசையாது, இன்சர்ட்டைச் சுற்றிய கான்கிரீட்தான் பொரியும். லைனருக்கு (கிளிப்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள தகட்டுக்கு) அடியில் தண்டவாளத்தின் பாதம் அரித்து, விரல் வைத்துத் தடவினால் பள்ளம் தட்டும். மேலிருந்து பார்த்தால் கிளிப் இருக்கிறது, லைனர் இருக்கிறது, எல்லாம் ஒழுங்கு. கழற்றினால்தான் தெரியும். கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, கிரீஸ் தடவி, திரும்பப் பூட்ட வேண்டும். அரிப்புள்ள பகுதியில் இது வருடாவருடம் நடக்க வேண்டிய வேலை.

உங்கள் பீட்டில் ஒரு நாள் அளந்து பாருங்கள். இரண்டு பேர் ஒரு ஷிப்டில் எத்தனை ஸ்லீப்பர் முடிக்கிறார்கள்? 50 என்று வந்தால் 200 கிளிப். 39,840-ஐ 200-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 200 வேலை நாள், அந்த இருவரும் வேறு எதையும் தொடாமல் இருந்தால். உங்களுக்கு வரும் எண்ணையே போடுங்கள், பக்கத்து கேங்கின் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். வேகத்தைக் கூட்டவும் வழியில்லை. நீளப் பற்றவைப்புத் தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்லீப்பரின் பூட்டைத்தான் கழற்றலாம். ஒன்றுக்கு மேல் கழற்ற வேண்டுமானால் இடையில் குறைந்தது 15 ஸ்லீப்பர் முழுதாகப் பூட்டியிருக்க வேண்டும். மனுவில் இந்த விதியைக் கட்டாயம் சேருங்கள், "ஆட்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள்" என்ற பதிலுக்கு இதுதான் முன்கூட்டிய மறுப்பு.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். தூக்குதல், பேக்கிங், வரிசைப்படுத்துதல் எல்லாம் தண்டவாள வெப்பம், நிர்ணயித்த வெப்பநிலையைவிட 10 டிகிரி மேலும் 30 டிகிரி கீழும் என்ற வரம்புக்குள் இருக்கும்போதுதான் செய்யலாம். ராமநாதபுரத்து ஏப்ரல், மே வெயிலில் அந்த நேரம் விடிகாலையோடு சுருங்கிவிடும். வேலை நேரம் சுருங்கினால் கைகள் கூட வேண்டும். வெப்பமானியில் பார்த்த அளவை நேரத்தோடு நோட்டில் எழுதிவையுங்கள்.

கொடிக்கு யார், வேலைக்கு யார்

லைனைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் பாதுகாப்பு வேண்டும். பிராட்கேஜில் 600 மீட்டரில் பேனர் கொடி, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் தண்டவாளத்தில் வைக்கும் மூன்று எச்சரிக்கை வெடி. நம்முடையது ஒற்றைப் பாதை, வண்டி இரண்டு திசையிலிருந்தும் வரும். ஆகவே இரண்டு பக்கமும் ஆள். மேலே சொன்ன மூன்று பேரில் இருவர் கொடிக்குப் போனால் வேலைக்கு ஒருவர். அந்த ஒருவர் எந்த வேலையைச் செய்வார்? இந்தக் கேள்வியை இதே வரியில் மனுவில் வையுங்கள். எத்தனை பக்க விளக்கத்தையும்விட இது வேலை செய்யும்.

தூரத்தை நேரக் கணக்கில் சொல்லுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 1200 மீட்டரை 43 வினாடியில் கடக்கும். அதே தூரத்தை ஜல்லியில் நடக்க ஒரு மனிதருக்குக் கால் மணி நேரம் ஆகும். கீமேன் தனியாகப் போகும்போது உடைந்த தண்டவாளத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதே கேள்வி.

இங்கே சீமைக்கருவேலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவின் உட்பக்கம் புதர் மண்டினால் வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது, கடல் காற்றில் ஹாரனும் சரியாகக் கேட்காது. "புதர் வெட்டவில்லை" என்று எழுதாதீர்கள். கி.மீ. கல்லிலிருந்து எத்தனை மீட்டரில் வளைவு, லைனில் நிற்பவருக்கு எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்று டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். எச்சரிக்கைக் கருவியான ரக்ஷக் கொடுத்திருந்தால் எத்தனை கொடுத்தார்கள், எத்தனை வேலை செய்கிறது, எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை என்பதையும் சேருங்கள்.

கேட் கீப்பர்களுக்கு

மணிக்கணக்கு உங்கள் ஆயுதம். ரயில்வே சட்டம் 1989-இன் 132-ஆம் பிரிவு வாராந்திர வரம்பைச் சொல்கிறது: விட்டுவிட்டு வரும் வேலை என்று வகைப்படுத்தியவர்களுக்கு 75 மணி, தொடர் வேலை என்றால் இரண்டு வார சராசரியில் 54, தீவிர வேலை என்றால் 45. ரோஸ்டர் நேரம் இதைவிடக் குறைவு, 2005-ஆம் ஆண்டு வேலை நேர விதிகளில் பாருங்கள். 133-ஆம் பிரிவின்படி முதல் வகைக்கு வாரம் ஒருமுறை ஒரு முழு இரவு உட்படத் தொடர்ந்து 24 மணி ஓய்வு, மற்ற இரண்டுக்கும் 30 மணி.

பல கேட்களில் சிக்கல் இரண்டு. ஒன்று, மாற்றுக்கு ஆள் வராததால் டியூட்டி நீளுவது. வந்த நேரம், விடுவித்த நேரம் இரண்டையும் கேட் பதிவேட்டில் உண்மையாக எழுதுங்கள். "ரோஸ்டர்படி போட்டுக்கொள்ளலாம்" என்ற பழக்கம்தான் உங்கள் ஓவர்டைமையும் ஆதாரத்தையும் சேர்த்து அழிக்கிறது. இரண்டாவது, வகைப்பாடே பழையதாக இருப்பது. வண்டிகளும் சாலைப் போக்குவரத்தும் கூடியிருந்தால் புதிய வேலைப் பகுப்பாய்வு கேளுங்கள், வகைப்பாடு தவறென்றால் மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் மேல்முறையீடு உண்டு. பகுப்பாய்வுக்குச் சந்தடியில்லாத நாட்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான வித்தை. ஆடி அமாவாசை, தை அமாவாசைச் சிறப்பு வண்டிகளின் எண்ணிக்கையைத் தனித் தாளில் இணைத்துவிடுங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்ததற்குப் பிறகு, கேட் சம்பந்தப்பட்ட கடிதத்தை யாரும் லேசாக ஒதுக்குவதில்லை.

கோரிக்கையை எண்ணாகக் கேளுங்கள்

"போதுமான ஆட்கள்" என்று கேட்டால் போதுமானது எது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். "பாதுகாப்பு ஆட்கள் நீங்கலாக இத்தனை பேருக்குக் குறைந்தால் லைனைத் தொடும் வேலை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும்" என்று கேளுங்கள். லண்டனில் 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் சுரங்க நிலையத் தீ விபத்தில் 31 பேர் இறந்தபின், 1989-இல் வந்த விதி சுரங்க நிலையங்களில் குறைந்தது இத்தனை ஊழியர் இருக்க வேண்டும் என்று எண்ணையே போட்டது. அங்கே ஆட்குறைப்பு வரும்போதெல்லாம் சங்கங்கள் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு நின்றன. எண் இல்லாத உத்தரவு காற்றில் போகும்.

நம் ஊரில் காட்ட இன்னொரு ஆவணமும் உண்டு. ரயில் தடம்புரளல் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2022-ஆம் ஆண்டு 22-ஆம் எண் அறிக்கையில், ஆராய்ந்த 1129 விசாரணை அறிக்கைகளில் 422 தடம்புரளல்கள் பொறியியல் துறையின் கணக்கில் வருகின்றன, அதில் 171-க்குக் காரணம் பாதைப் பராமரிப்பு. மனுவில் ஒரே வரியில் போடுங்கள், அதற்குமேல் தேவையில்லை.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு கடிதத்தில் ஒரே பொருள். குவார்ட்டர்ஸ் ஒழுகுவதும் டிரான்ஸ்ஃபர் கேட்பதும் ஷூ வராததும் இதில் சேர்ந்தால், சுலபமான ஷூவுக்குப் பதில் வந்து கடிதம் முடிந்துவிடும். நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"தேதி – முதல் – தேதி வரையிலான 60 வேலை நாட்களில் – நாட்கள் இந்த கேங்கில் பாதுகாப்பு ஆட்கள் நீங்கலாக மூன்று பேருக்கும் குறைவாகவே இருந்தனர். கி.மீ. – முதல் – வரை கிளிப் கிரீஸ் வேலை நடக்கவில்லை. கழற்றிப் பார்த்த – கிளிப்களில் – அரித்திருந்தன. நாள்வாரிப் பட்டியல் இணைப்பு 1-இல். எழுத்துப்பூர்வ உத்தரவு கோருகிறோம்."

முதல் பிரதி பிரிவுப் பொறியாளருக்கு, அடுத்து உதவிக் கோட்டப் பொறியாளருக்கு. இரண்டு இடத்திலும் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபால். பிறகே மதுரைக் கோட்ட அலுவலகம், கோட்டப் பாதுகாப்பு அதிகாரிக்கு நகல். அங்கீகாரம் பெற்ற சங்கமானால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கோட்ட அளவிலான பேச்சுவார்த்தைக் கூட்டத்தில் பொருளாக வைக்கலாம். அங்கீகாரம் இல்லாத சங்கத்துக்கு அந்தக் கதவு இல்லை, காகிதமும் தகவல் உரிமைச் சட்டமும்தான் வழி. பெங்களூருவில் உள்ள தெற்கு வட்ட ரயில்வே பாதுகாப்பு ஆணையருக்கும் நகல் அனுப்பலாம். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ஆள் எடுப்பது அவர் வேலை இல்லை, அதனால் நகலில் காலியிடப் பேச்சே வரக் கூடாது. லைனின் நிலை மட்டும்.

தகவல் உரிமை மனுவைத் தனிநபர் பெயரில் போடுங்கள். சட்டம் குடிமகனுக்குத்தான், சங்கத்தின் பெயரில் போனால் அதையே காரணம் காட்டித் திருப்புவார்கள். ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் போட்டால் இன்னும் நல்லது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் நிரப்பவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்பது தகவல் அல்ல என்று சொல்லிவிடுவார்கள். "இந்தத் தேதியில் இந்தப் பிரிவில் கேங் வாரியாக அனுமதித்த பணியிடம், பணியில் உள்ளோர், வேறு வேலைக்கு அனுப்பப்பட்டோர் எண்ணிக்கை" என்று கேளுங்கள்.

பணியில் இருப்பவர் மஸ்டரையோ டைரியையோ போட்டோ பிடித்துப் பத்திரிகைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்ப வேண்டாம். 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 9-உம் 11-உம் அதற்கென்றே இருக்கின்றன. பாம்பன் பாலத்துப் படங்களில் இன்னும் கவனம். அதன்பின் பேச்சு துருப்பிடித்த கிளிப்பைப் பற்றி இருக்காது, உங்கள் குற்றப்பத்திரிகையைப் பற்றித்தான் இருக்கும்.

எப்போது அனுப்புவது

ஆகஸ்டுக்குள் போய்ச் சேர வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மழைக்கால ரோந்துக்கு ஆட்கள் பிரிவார்கள், பகல் கேங் இன்னும் மெலியும். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் பாம்பனில் ரயிலை நிறுத்துவார்கள், கரையில் ரோந்து போகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. ரோந்துக்கு ஒருவரைத் தனியாக அனுப்புவதா, ஜோடியாகவா என்பதை அதே கடிதத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மே 15-இல் நோட்டைத் தொடங்கினால் வார ஓய்வும் விடுமுறையும் போக 60 வேலை நாள் ஜூலைக் கடைசியில் முடியும், கடிதம் எழுத இரண்டு வாரம் கைவசம் இருக்கும்.