எம்.பி.யிடம் மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கூட்டம் முட்டும். எழுதி முடித்ததும் பலர், "எம்.பி.க்கும் ஒண்ணு எழுதிருங்க அண்ணாச்சி" என்பார்கள். எழுதலாம். எதற்கு என்று தெரிந்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் தாசில்தாரும் பஞ்சாயத்தும் மாநகராட்சியும் பார்க்கிற வேலை. எம்.பி. ஆபீஸில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஓட்டுப் போட்டவர் முகத்துக்கு நேரே யார் முடியாது என்பார்கள்? அப்புறம் அதே தாள் கலெக்டர் ஆபீஸுக்குத்தான் வந்து சேரும். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால் ஆபீஸ், பாஸ்போர்ட், பி.எஃப்., வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் என்றால் அது டெல்லி விஷயம். அங்கேதான் எம்.பி.யின் கடிதத்துக்கு எடை.

ஒரு மனுவில் ஒரே விஷயம். இரணியலில் ரயில் நிற்க வேண்டும் என்பதையும் நான்குவழிச் சாலைக்கு எடுத்த நிலத்துக்குப் பணம் வரவில்லை என்பதையும் ஒரே தாளில் எழுதினால், எந்த அமைச்சகத்துக்கு அனுப்புவது என்று உதவியாளர் தலையைச் சொறிவார். ரயில் மனுவில் இன்னொன்று: நம் ஊர் ஸ்டேஷன்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கின்றன. மதுரைக் கோட்டம் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

அதிகக் கவனம் வேண்டியது வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களின் மனு. தூத்தூர், குளச்சல் பக்கமிருந்து வரும் பெண்கள் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் உட்காருவார்கள். "என் கணவரை மீட்டுத் தாருங்கள்" என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள். நான் அரைப் பக்கத்தில் முடிப்பேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், நாடு, துறைமுகம், படகின் பெயர், முதலாளியின் பெயரும் போன் நம்பரும், கடைசியாகப் பேசிய தேதி, என்ன சொன்னார். இதுதான் எம்.பி.யின் கடிதத்தோடு வெளியுறவு அமைச்சகத்துக்கும் தூதரகத்துக்கும் போகும். பாஸ்போர்ட் முதலாளி கையில் என்றால், அதையே ஒரு வரியாக எழுதுங்கள். விசா ஜெராக்ஸ் வீட்டில் இல்லையென்றால் அவர் போனில் அனுப்பிய படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக வாட்ஸ்அப்பில் கிடக்கும். சென்னையில் அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்துக்கும் ஒரு நகல் போடுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிரதமர் நிவாரண நிதி கேட்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே வர வேண்டும். உதவி கிடைத்தால் பணம் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். கட்டி முடித்த பில்லுக்குக் கிடைக்காது. ஆஸ்பத்திரி தரும் உத்தேசச் செலவுக் கடிதமும் வருமானச் சான்றும் கூடவே இருக்கட்டும்.

அடுத்தது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கும். நம் கன்னியாகுமரி எம்.பி. தொகுதியில் 6 சட்டமன்றத் தொகுதிகள். சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம். பணத்தை எம்.பி. கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் இல்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம்தான் அனுமதித்து வேலையை நடத்தும். அதனால் பஸ் நிழற்குடை கேட்டால், இடம் யாருடையது, சர்வே எண் என்ன, பஞ்சாயத்து ஒப்புக்கொண்டதா என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். கோவில் மண்டபமும் சர்ச் வளாகத்துக்குள் ஹாலும் கேட்காதீர்கள். வழிபாட்டு இடத்துக்கும் மத அமைப்புகளின் நிலத்துக்கும் இந்த நிதி கிடையாது. நம் மாவட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தனித் திறமை வேண்டும். பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்குக் கேட்கிறீர்களா? முதல் வரியிலேயே சொல்லுங்கள். பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதமும் பட்டியல் சாதியினர் பகுதிகளுக்கு 15 சதவீதமும் ஒதுக்கச் சொல்லி விதி இருக்கிறது.

உங்கள் விஷயத்தை எம்.பி. மக்களவையில் கேள்வியாகக் கேட்க வேண்டுமென்றால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே போய்விடுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்பு நோட்டீஸ் தர வேண்டும், அதிலும் குலுக்கலில் தேற வேண்டும். அதே விஷயத்துக்கு முன்பு அமைச்சர் தந்த பதில் மக்களவை இணையதளத்தில் இருந்தால் பிரிண்ட் எடுத்து மனுவோடு இணையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. செய்கிறவர் மனு மேலே ஏறும்.

மனு கொடுத்ததும் முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். பத்து நாள் கழித்துப் போய், "எம்.பி. அனுப்பின லெட்டர் காப்பி கொடுங்க" என்று கேளுங்கள். அதில் எண்ணும் தேதியும் இருக்கும். பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணைப் போட்டு நீங்களே அந்தத் துறைக்கு நினைவூட்டல் எழுதலாம், அதற்கு எம்.பி. தேவையில்லை, நானும் தேவையில்லை.