விக்டோரியக் கேமியோ நகைகள்: வாங்குவோரும் வைத்திருப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா அரசி பிரிட்டனை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் ஐரோப்பியப் பெண்கள் விரும்பி அணிந்த, கல்லிலோ சங்கின் ஓட்டிலோ புடைப்பாக உருவம் செதுக்கிய கேமியோ நகைகள், இன்றும் பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் இணையத்திலும் விற்பனைக்கு வருகின்றன. இருண்ட பின்னணியில் வெளிர்நிறப் பெண்முகம் புடைத்து நிற்கும் அந்த அழகில் மனம் பறிகொடுத்து, அது எந்தப் பொருளில் எந்த முறையில் செய்யப்பட்டது என்று கேளாமலே வாங்கிவிடுவதுதான் பெருந்தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கேமியோ என்றாலே சிப்பி என்று கொள்வது பலரிடம் உள்ள எண்ணம். விக்டோரியக் காலத்தில் மிகுதியாகச் செதுக்கப்பட்டது சிப்பி எனப்படும் கடற்சங்கின் ஓடுதான் என்பது உண்மையே. இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், நேப்பிள்ஸ் நகரத்தை அடுத்துள்ள டோரே டெல் கிரேகோ என்ற ஊர் இக்கலைக்குப் பெயர்பெற்றது. அங்கே 1878-இல் பவளச் செதுக்கலுக்கென ஒரு பள்ளியே தொடங்கப்பட்டது. சங்கின் ஓட்டில் வெண்மையான அடுக்கின் கீழ் பழுப்போ செம்மஞ்சளோ ஆன அடுக்கு இருக்கும். செதுக்குபவர் ஓட்டிலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுத்து, அதை மரக்கோலின் முனையில் பிசினால் ஒட்டி, பென்சிலால் உருவத்தை வரைந்துகொண்டு, கூரிய சிற்றுளியால் வெண்மையைச் சிறிது சிறிதாக நீக்குவார். வெண்மையை எங்கே தடிமனாக விடுவது, கீழ்நிறம் இலேசாகத் தெரியும் அளவுக்கு எங்கே மெல்லியதாக்குவது என்ற தீர்மானத்தில்தான் அவருடைய திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது. நல்ல கேமியோவில் பெண்ணின் முக்காடு உண்மையாகவே மெல்லிய துணிபோலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தத் தடிமன் கணக்கே. இதைப் பாராமல், உருவம் பெரிதா, அதைச் சுற்றியுள்ள சட்டம் பொன்னா என்று மட்டும் பார்ப்பவர் கலைஞனின் கைவேலையைத் தவறவிடுகிறார்.

சிப்பியை விளக்கொளிக்கு நேரே பிடித்தால் ஒளி இலேசாக ஊடுருவும். பின்புறம் சங்கின் இயல்பான வளைவால் சற்றுக் குழிந்திருக்கும். அகேட், சார்டோனிக்ஸ் போன்ற கடினக் கற்களில் செய்தவை கனமாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும். அவை உளியால் அல்ல, சுழலும் கருவியாலும் அரைபொடியாலும் தேய்த்து உருவாக்கப்பட்டவை. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் அத்தகைய வேலைக்குப் புகழ்பெற்ற ஊர். வெசுவியஸ் வெடித்துப் புதைந்த பொம்பேயி நகரின் இடிபாடுகளைக் காணச் சென்றவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிவந்த ‘லாவா’ கேமியோக்கள் சாம்பல், ஆலிவ், பழுப்பு போன்ற மங்கிய நிறங்களில் இருக்கும். நிறம் மங்கியிருப்பதால் இவற்றைத் தாழ்ந்தவை என ஒதுக்குவது பிழை. மென்மையான பொருள் என்பதால் இவற்றில் உருவத்தை ஆழமாக வெட்டிப் புடைத்து நிற்கச் செய்ய முடிந்தது. அந்த மென்மையே மூக்குநுனி உடைவதற்கும் காரணம் என்பதால், வாங்கும்போது முகத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அச்சில் வார்த்ததைச் செதுக்கியது என நம்பி ஏமாறுவது இன்னொரு தவறு. பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ வார்த்த உருவத்தைப் பத்துமடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் உளித்தடம் இராது, மூலைகள் மழுங்கியிருக்கும், சிலவற்றில் அச்சின் இணைப்புக் கோடோ காற்றுக்குமிழியோ தென்படும். தனியே செய்த தலையைப் பின்னணியில் ஒட்டியிருந்தால் விளிம்பில் பசையின் கோடு தெரியும். ஆனால் அச்சில் வார்த்தவை எல்லாம் போலி என்று முடிவுகட்டுவதும் தவறே. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1861-இல் இறந்தபின் பெருகிய துக்க நகைகளில், கெட்டிப்படுத்திய ரப்பரான வல்கனைட்டை அச்சில் அழுத்திச் செய்தவை உண்மையான விக்டோரியப் பொருள்களே. கடினக் கல் கேமியோவிலோ கவனம் வேறுவகையில் தேவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மீயொலி இயந்திரம் ஒரே உருவத்தை மீண்டும் மீண்டும் கல்லில் பதிக்கும். அதன் கருவி மேலிருந்து நேராக இறங்குவதால் உருவத்தின் விளிம்புக்கு அடியில் குடைந்து வெட்ட அதனால் இயலாது. மேற்பரப்பும் எங்கும் ஒரே சீரான மென்சொரசொரப்புடன் இருக்கும். கைவேலையில் அப்படிப்பட்ட சீர்மை வராது.

காலக் கணிப்பில், மூக்கு நேராக இருந்தால் பழையது, மேல்நோக்கி வளைந்திருந்தால் பிந்தியது என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது; அது ஒரு குறிப்பு மட்டுமே. ஆடையில் குத்திக்கொள்ளும் ஊசிநகையான ப்ரூச்சின் பின்புறம் தரும் சான்று இன்னும் உறுதியானது. பூட்டில்லாத எளிய ‘சி’ வடிவக் கொக்கியும் சட்டத்தைத் தாண்டி நீளும் ஊசியும் பழைமையைச் சுட்டும். 15 காரட் பொன் முத்திரை இருந்தால், பிரிட்டனில் அத்தரம் 1854 முதல் 1932 வரையே வழக்கில் இருந்ததால் எல்லை குறுகிவிடும். ஆயினும் பழைய கேமியோவைப் புதிய சட்டத்திலும் புதியதைப் பழைய சட்டத்திலும் பொருத்துவது எளிது என்பதால், சட்டத்தின் வயதை உருவத்தின் வயதாகக் கருதிவிடக் கூடாது.

சோதனை என்ற பெயரில் சூடான ஊசியால் குத்துவதும் அமிலத்தைச் சொட்டுவதும் நகையைக் கெடுத்துவிடும். சிப்பி சுண்ணாம்புச் சத்தால் ஆனதாகையால் வினிகர்கூட அதை அரிக்கும். மீயொலித் தொட்டியிலோ நீராவியிலோ சிப்பிக் கேமியோவைச் சுத்தம் செய்யக் கூடாது. மிதமான சோப்புநீரில் நனைத்த மென்தூரிகையால் துடைத்து உடனே உலர்த்துவது போதும். வாசனைத் திரவியத்தை நகை அணியுமுன் பூசிக்கொள்ள வேண்டும். சூடான விளக்கின் அடியில் நாள்கணக்கில் காட்சிக்கு வைத்தால் சிப்பி வறண்டு மயிரிழை வெடிப்பு விடும். நகையை ஒளிக்கு நேரே பிடித்தால் அத்தகைய வெடிப்பை எளிதில் காணலாம் என்பதால், வாங்குமுன் அவ்வாறு பார்க்காமல் விலை பேசக் கூடாது.

பழுதுபார்ப்பில் நேரும் இழப்பு இன்னும் வருந்தத்தக்கது. தேய்ந்த முகத்தை மீண்டும் கூர்மையாக்கச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்தால், முதலில் செதுக்கியவரின் வேலை என்றென்றைக்கும் அழிந்துவிடும். பழைய கொக்கி நழுவுகிறது என்று அதை வெட்டியெறிந்து புதியதைப் பற்றவைத்தால் காலச் சான்று போய்விடுவதோடு, பற்றவைக்கும் சூட்டில் சிப்பியும் வெடிக்கக்கூடும். சட்டத்தில் முன்பே வளையம் இருந்தால், மெல்லிய பாதுகாப்புச் சங்கிலி ஒன்றை அதில் கோத்து ஆடையில் குத்திக்கொள்வதே போதுமானது.