ரரோடோங்கா மலைப்பாதை: காரை விடுங்கள், பஸ் போதும்

குக் தீவுகளின் ரரோடோங்காவில், தீவைக் குறுக்கே கடக்கும் மலைப்பாதைக்கு வாடகைக் கார் எடுக்காதீர்கள். வடக்கே அவாட்டியு பள்ளத்தாக்கில் ஏறி, தெற்கே அருவிப் பக்கம் இறங்கி, பஸ்ஸில் திரும்புங்கள்.

பாதை ஒரு கரையில் தொடங்கி மறுகரையில் முடிவதால், காரில் போனால் அது மலைக்கு அந்தப்பக்கம் நிற்கும். தீவைச் சுற்றிய கடலோரச் சாலை மொத்தமே 32 கிலோமீட்டர்தான். பஸ் இரு திசையிலும் சுற்றுவதால், எதில் ஏறினாலும் வடகரையில் உள்ள தலைநகர் அவருவா வந்துவிடும். வழியில் கை காட்டினால் நிறுத்துவார்கள். நியூசிலாந்து டாலரில் சில்லறை வைத்திருங்கள்.

நடைக்கு 3 முதல் 4 மணி நேரம் ஆகும். 413 மீட்டர் உயர ‘ஊசிப்பாறை’யின் அடிவாரம் வரை ஏற்றம் செங்குத்து, மரவேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். செருப்பு உதவாது. தெற்கு இறக்கத்தில் ஓடையைப் பலமுறை கடக்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் போகவே கூடாது. வேர்கள் வழுக்கும், ஓடை பெருகும். ஞாயிறன்று பஸ் குறைவு, அன்றைக்கு இந்த யோசனை செல்லாது. வறண்ட மாதங்களில் அருவியில் குளிக்கத் தண்ணீரும் இருக்காது.