ஸ்பாஞ்ச், துணி, கிளேஸ்: ஹால் சுவர் எங்கே கெடுகிறது?

ஹாலில் ஒரு சுவரை மட்டும் ஸ்பாஞ்ச் எஃபெக்ட் (நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி வைப்பது), துணி எஃபெக்ட் (பூசிய நிறத்தைத் துணியால் ஒற்றி எடுப்பது), கலர் வாஷ் (மெல்லிய நிறத்தைப் படரவிடுவது) என்று தனியாக அலங்கரிக்கும் ஆசை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. வேலை திட்டுத்திட்டாக வந்தால் "பெயிண்டருக்குக் கைப்பழக்கம் போதாது" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நல்ல கையும் தோற்கிற இடம் ஒன்று உண்டு: நேரம். மேலே பூசும் கிளேஸ் ஈரமாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் வடிவம் விழுந்துவிட வேண்டும். கீழே வரும் தவறுகளில் பாதி, அந்த நிமிடங்களைக் குறைத்துவிடுபவை.

கிளேஸ் என்பது அடியில் இருக்கும் நிறம் தெரியும்படி மெலிதாகப் படிந்து, மெதுவாகக் காயும் பூச்சு. நிறமில்லாத கிளேஸ் 4 பங்குக்கு எமல்ஷன் 1 பங்கு கலப்பது பொதுவான அளவு. எமல்ஷனைக் கூட்டினால் நிறம் அடர்ந்து அடி மறையும், சீக்கிரம் காய்ந்தும் போகும். பிறகு அது சாதாரண இரண்டாவது கோட்டிங்தான்.

அடிப்பூச்சுக்கு மேட் எமல்ஷன் வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மேட் பரப்பு கிளேஸின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். துணியால் ஒற்றி எடுக்கப் போனால் நிறம் வராது, கறையாக நிற்கும். லேசான பளபளப்புள்ள சாட்டின் ஃபினிஷ் 2 கோட்டிங் அடித்து, குறைந்தது ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு ஒரு மூலையில் கொஞ்சம் கிளேஸைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் சுவர் தயார். அடிப்பூச்சே துணியோடு வந்தால் இன்னும் காயவில்லை.

"டிசைன் போட்டால் மேடுபள்ளம் மறைந்துவிடும்" என்று பட்டி வேலையைக் குறைப்பவர்கள் உண்டு. மயிரிழை விரிசலையும் சின்னக் கறையையும் ஸ்பாஞ்ச் வேலை மறைக்கும், உண்மைதான். மேடுபள்ளத்தை, அதுவும் மெட்டாலிக் கிளேஸ் அடித்தால், பலமடங்கு காட்டிக்கொடுக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். நிழல் விழும் இடமெல்லாம் மறுபடி பட்டி பார்த்து உப்புத்தாள் போட வேண்டிய இடம். ஓதம் இருக்கிறதா என்று அறிய, ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கட்டினால் எந்த அலங்காரமும் அங்கே தங்காது, முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும்.

ஈர விளிம்பு

தண்ணீர் சிந்திக் காய்ந்த துணியில் ஓரத்தில் ஒரு கோடு நிற்குமே, அதேதான் சுவரிலும் நடக்கிறது. காய்ந்துபோன கிளேஸ் ஓரத்தின்மேல் புதுக் கிளேஸ் ஏறும் இடத்தில் நிறம் இரட்டிப்பாகி, கறுத்த பட்டையாக நின்றுவிடும். ஹாலுக்குள் நுழைந்ததும் கண் அந்தப் பட்டைக்குத்தான் போகும்.

இதைத் தவிர்க்க இருவர் வேண்டும். ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். வெயில் விழும் சுவரானால் உச்சிவேளையில் தொடாதீர்கள். ஒருவர் மேலிருந்து கீழ்வரை சுமார் 2 அடி அகலத்துக்கு ரோலரால் கிளேஸ் பூச, மற்றவர் பின்னாலேயே துணியால் ஒற்றி வர வேண்டும். ஆனால் கடைசி அரை அடியை ஒற்றாமல் ஈரமாகவே விட வேண்டும். அடுத்த பட்டையை அந்த ஈரத்துக்குள் பூசி, இரண்டையும் சேர்த்து ஒற்றினால் இணைப்பு தெரியாது. ஓரத்தை நேர்கோடாக விடாமல் வளைவும் நெளிவுமாக விடுவது இன்னும் நல்லது. டீ, போன் எல்லாம் சுவரின் மூலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். நடுச்சுவரில் நிறுத்தினால் கறுத்த பட்டை நிச்சயம்.

சீக்கிரம் காய்கிறதே என்று தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள். அது வழிந்து கீழே கோடு போடும், நிறமும் வெளுக்கும். தண்ணீருக்குப் பதில் கிளேஸின் பங்கைக் கூட்டுவதே சரி. சுவர் முழுவதற்குமான கலவையை ஒரே வாளியில், டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவுக்குக் கால் பங்கு கூடுதலாக, முதலிலேயே கலந்துவிடுங்கள். 12 அடிக்கு 10 அடிச் சுவர் என்றால் 120 சதுர அடி, 150க்குக் கலக்கலாம். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது.

தனியாக வேலை செய்கிறவர் ஒற்றி எடுக்கும் முறையை விட்டுவிட்டு, ஸ்பாஞ்சால் நிறத்தை ஒற்றி வைக்கும் முறைக்குப் போவதே புத்திசாலித்தனம். அதில் ஈர விளிம்புத் தொல்லை இல்லை.

கையில் இருக்கும் கருவி

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை அப்படியே பயன்படுத்தினால் சுவர் முழுக்க செவ்வகங்கள் தெரியும். கடல் ஸ்பாஞ்ச் கிடைக்காவிட்டால், சாதாரண ஸ்பாஞ்சின் ஓரங்களையும் பரப்பையும் கிள்ளிக் கிள்ளிக் கரடுமுரடாக்குங்கள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, நிறத்தைத் தொட்டு, செய்தித்தாளில் நாலைந்து முறை ஒற்றிய பிறகே சுவருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் இடையில், கை சுவரில் படாதபோது, மணிக்கட்டைத் திருப்புங்கள். சுவரில் பட்டபடியே திருப்பினால் இழுவும். மூலைகளுக்குக் கட்டைவிரல் அளவுத் துண்டு போதும். ஏணிமேல் நிற்கும்போது கை தயங்கி மேற்பகுதி வெளிறிவிடுவதும், கண்மட்டத்தில் வேலை சுலபமாக இருப்பதால் அங்கே அடர்ந்துவிடுவதும் பார்க்காமல் நடக்கும். அடிக்கடி 8 அடி பின்னால் போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

துணிக்கு, பல தடவை துவைத்த பழைய பருத்தி வேட்டிக்கு நிகர் இல்லை. பனியன் வேஸ்ட் நூல் விடும். ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு டஜன் துண்டுகளை ஒரே வேட்டியிலிருந்தே வெட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நெசவு மாறினால் தடமும் மாறும். துண்டு ஊறிப்போனதும் மாற்ற வேண்டும். ஊறிய துணி எடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்ப வைக்கத் தொடங்கும். சுவர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகப்போகக் கறுப்பது இதனால்தான்.

வெள்ளைமேல் அடர்சிவப்பு போன்ற மோதும் நிறங்கள் அழுக்குச் சுவர்போல் தெரியும். ஷேட் கார்டில் ஒரே வரிசையில் இரண்டு மூன்று படி தள்ளியுள்ள நிறங்கள் பாதுகாப்பானவை. 2 அடிச் சதுரப் பலகையில் அதே பிரைமர், அதே அடிப்பூச்சோடு மாதிரி செய்து, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

தூணில் பளிங்கு வரைபவர்கள் ரேகைகளை ஒரே தடிமனில், இணையாக, அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். பளிங்கின் ரேகை சாய்வாக ஓடும், மெலியும், தடிக்கும், பிரிந்து திரும்பச் சேரும். போட்டவுடன் காய்ந்த மென்பிரஷால் லேசாக வருடினால் அது மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கியதுபோல் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் படத்தைக் காட்டி அந்த வழவழப்பைப் பெயிண்டில் கேட்பதும் வீண். அது சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சாந்து.

பக்கத்துப் பரப்பில் நிறம் படாமலிருக்க ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை நாள்கணக்கில் விட்டால் பெயிண்டோடு உரிந்து வரும். பூச்சு கையில் ஒட்டாத பதத்தில் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். மறுநாள் ஒரு இடம் வெளிறித் தெரிந்தால், அங்கே மட்டும் கிளேஸை ஒற்றாதீர்கள், கறுத்த மச்சமாக நிற்கும். அடிப்பூச்சு நிறத்தை ஸ்பாஞ்ச் நுனியில் தொட்டு, அந்த வெளிறிய இடத்தைச் சுற்றியிருக்கும் கறுப்பை மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.