கார் ஸ்டீரியோ மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஆடியோ வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு வேலை செய், ஸ்க்ரூவைத் தொலைக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பணத்தைக் கரைப்பவை மட்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்புவது

ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உட்காரும் ஸ்டீரியோ) வரும் பெட்டியில் '50 வாட் × 4' என்று பெரிதாக இருக்கும். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது 14.4 வோல்ட் அளவுதான். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத ஒலி கொடுத்தால், கணக்குப்படி ஒரு சேனலுக்கு 26 வாட்டைத் தொடுவதே கஷ்டம். மின்னழுத்தத்தை உள்ளே கூட்டிக்கொள்ளும் சில யூனிட்டுகள் விதிவிலக்கு. பெட்டியில் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். சிடிஏ-2006 என்ற தர அளவீட்டு முறைப்படி அளந்தது என்றிருந்தால் இன்னும் நல்லது. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்குள் சிதைவு என்ற ஒரே அளவுகோலில் அளந்திருப்பார்கள்.

கம்பெனி கப்ளரை வெட்டுவது

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

பழைய ஸ்டீரியோவின் பின்னால், காரின் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பிளாஸ்டிக் கப்ளர் இருக்கிறது. பெரும்பாலான கார்களுக்கு அதற்கென்றே அடாப்டர் ஹார்னெஸ் விற்கிறார்கள். ஒரு முனை காரின் கப்ளரில் உட்காரும், மறுமுனை புது யூனிட்டின் வயர்களோடு சேரும். மொத்தச் செலவில் அதன் பங்கு மிகச் சிறியது. அதை மிச்சம் பிடிக்கத்தான் கட்டிங் பிளேயரை எடுக்கிறார்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை என்று ஒருவர் வந்தார். பேட்டரியைப் புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டார், ஆல்டர்னேட்டரிலும் கோளாறு இல்லை. ஸ்டீரியோவை வெளியே இழுத்தால் கப்ளரையே காணோம். வெட்டிய வயர்களைக் கையால் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. வெளிச்சந்தை யூனிட்டுகளில் பொதுவாக மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், கருப்பு எர்த். காரின் வயர்களும் அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேலை செய்த பையன் குத்துமதிப்பாக இணைத்திருக்கிறான். சாவியை எடுத்தால் ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகிறது என்று புகார் வந்ததும், மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர லைனில் கொடுத்துவிட்டான். ஸ்டேஷன் அழியவில்லை, சரி. ஆனால் சாவியை எடுத்த பிறகும் யூனிட் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்தது. கேட்டால், "வயர் வயர்தானே அண்ணே" என்கிறான்.

ஸ்பீக்கரின் நெகடிவ் வயர் எர்த் என்று நினைப்பது அடுத்த ஆபத்து. இப்போதைய யூனிட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் சிக்னல் ஓடுகிறது. பாட்டு ஓடாதபோதும் இரண்டிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி நிற்கும். டேஷ்போர்டு சூட்டில் டேப்பின் பசை இளகி, அந்த வயர் பாடியில் பட்டால், அதிர்ஷ்டம் இருந்தால் யூனிட் தானாக அணைந்துகொள்ளும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும்.

புதிய கார்கள் பலவற்றில், சாவி போட்டால் 12 வோல்ட் வரும் தனி வயரே ஸ்டீரியோவுக்கு வருவதில்லை. அந்தத் தகவல் கேன் பஸ், அதாவது காரின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டேட்டா லைன், வழியாக வருகிறது. இல்லாத வயரைத் தேடி டெஸ்ட் லேம்ப்பால் கண்ட இடத்தில் குத்தினால் வேறு மாட்யூல் எதையாவது கெடுத்துவைப்பீர்கள். அங்கே தேவைப்படுவது கேன் பஸ் இன்டர்ஃபேஸ் உள்ள அடாப்டர். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர் பக்கம் கையே போகக் கூடாது.

அடாப்டரின் வால் வயர்களையும் யூனிட்டின் வயர்களையும் வீட்டு மேசையிலேயே கிரிம்ப் செய்து (கனெக்டரில் வைத்து நசுக்கி இணைத்து), மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டுவிடலாம். அப்புறம் காரில் சொருகுவது மட்டும்தான் வேலை. வண்டியை விற்கும்போது பழைய ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டவும் முடியும். ஏற்கெனவே வெட்டிவிட்டவர்கள், அந்தக் காருக்குரிய வயரிங் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரால் உறுதி செய்யுங்கள். நிறத்தை நம்பாதீர்கள்.

கெயினை வால்யூம் போலத் திருகுவது

ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் கெயின், ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கானது. முழுக்கத் திருப்பினால் கூடுதல் சக்தி வராது. ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு ட்வீட்டர் எரியும். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரையும் பாஸ் பூஸ்ட்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றி டெஸ்ட் டோன் போடுங்கள்: கதவு ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ், சப் ஊஃபருக்கு 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் ஆர்எம்எஸ் வாட்டை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 100 வாட், 4 ஓம் என்றால் 20 வோல்ட். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, அவுட்புட்டில் அந்த எண் வந்ததும் கெயினை விட்டுவிடுங்கள். காதால் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம்

கம்பெனி ஸ்பீக்கர் 2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் பாதி சக்திதான் போகும். வாங்கும் முன் பழையதை அளந்து பாருங்கள்.

கதவை அப்படியே விடுவது

நல்ல ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் மாட்டினால், கூம்பின் பின்பக்க ஒலி முன்பக்கம் வந்து பாஸைத் தின்றுவிடும். கதவுத் தகட்டின் திறப்புகளை அடைத்து, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். அடியில் இருக்கும் மழைநீர்த் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள்.

ஃப்யூஸ்

ஆம்ப் பவர் வயரில், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள். விவாதமே இல்லை.

எல்லாவற்றையும் மூடிய பிறகு சோதிப்பது

பேனல்களை மாட்டும் முன் எஃப்எம் போட்டுப் பாருங்கள். வழக்கமாக எடுக்கும் ஸ்டேஷன் இரைந்தால், ஆன்டெனா பூஸ்டருக்கு 12 வோல்ட் கொடுக்கும் நீல வயர் விட்டுப்போயிருக்கலாம். பின்பு பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, பேலன்ஸை நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்துங்கள். நடுவில் பாஸ் மெலிந்து, ஒரு பக்கம் போனதும் கூடினால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பாசிட்டிவும் நெகடிவும் இடம் மாறியிருக்கிறது. இப்போதே கண்டுபிடித்தால் இரண்டு வயரை மாற்றிச் சொருகும் வேலைதான். பேனலை மாட்டிய பிறகு என்றால், கதவு கிளிப்புகளையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.